நூற்பாலையின் மின்தேக்கியும் ஐந்தாம் சீரிசையும்

மின்தரம் என்றவுடன் பொதுவாக நினைவுக்கு வருபவை மின்வெட்டும் குறைந்த மின்னழுத்தமும்தான். ஏனெனில் அவை இரண்டும் கண்ணுக்குத் தெரியும்படி விளக்கை அணைக்கின்றன, மோட்டாரை முனகவைக்கின்றன. ஆனால் மின்னழுத்தம் அளவில் சரியாக இருந்தும் அதன் வடிவம் குலைந்திருக்கும் நிலை ஒன்று உண்டு. நொடிக்கு 50 முறை ஏறி இறங்கும் சைன் அலையாக இருக்க வேண்டிய மாறுதிசை மின்னழுத்தம், உச்சியில் தட்டையாகியோ விலாவில் நெளிந்தோ வந்து சேரும்போது விளக்கு எரியத்தான் செய்கிறது, மோட்டாரும் சுழல்கிறது. சூடு மட்டும் காரணம் தெரியாமல் கூடுகிறது. இந்த உருக்குலைவைத் தோற்றுவிப்பது பெரும்பாலும் மின்வாரியம் அன்று, நுகர்வோர் இழுக்கும் மின்னோட்டமே. அதைப் பன்மடங்காகப் பெருக்கும் கருவியோ, அதே நுகர்வோர் கட்டண விதிக்குக் கீழ்ப்படிந்து நல்ல நோக்கத்துடன் நிறுவிய மின்தேக்கி, அதாவது தொழிற்சாலை வழக்கில் கெப்பாசிட்டர். கோவை வட்டார நூற்பாலைகளின் மின்வழங்கல் இந்த முரணை ஆராய்வதற்கு ஏற்ற களம்.

ஒரே கால இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் எந்த அலையையும், எவ்வளவு கோணலாக இருந்தாலும், பல சைன் அலைகளின் கூட்டலாகப் பிரித்துவிடலாம் என்பதைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபூரியே 1807இல் பாரிஸ் அறிவியலாளர் அவையின் முன் வைத்தார். வெப்பம் பரவுவதை ஆராய்ந்தபோது பிறந்த அந்தக் கருத்தை லக்ராஞ்ச் போன்ற பெரியவர்கள் அப்போது ஏற்கவில்லை. நூலாக அது வெளிவர 1822 வரை ஆயிற்று. இன்று மின்பொறியியலில் உருக்குலைந்த அலையைப் பற்றிப் பேசுவதற்கு அதைவிட வேறு மொழி இல்லை. 50 ஹெர்ட்ஸ் அலை அடிப்படை அலை எனப்படும். அதன் முழு எண் மடங்குகளில் அமைந்த அலைகள் சீரிசைகள், தொழிற்சாலைப் பேச்சில் ஹார்மோனிக்ஸ். மூன்றாம் சீரிசை 150 ஹெர்ட்ஸ், ஐந்தாவது 250, ஏழாவது 350 ஹெர்ட்ஸ். இந்தச் சீரிசைகள் அனைத்தின் அளவுகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அடிப்படை அலையின் சதவீதமாகச் சொன்னால் அதுவே மொத்த சீரிசை உருக்குலைவு.

இது மின்னணுக் கருவிகளின் வரவால் நேற்று முளைத்த சிக்கல் என்று பலர் எழுதுவது பிழை. மாறுதிசை மின்சாரம் வணிகமாகத் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே, 1893இல், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஒரு மோட்டார் காரணமின்றிச் சூடானதை ஆராய்ந்த பொறியாளர்கள், மின்னாக்கியின் அலையிலிருந்த சீரிசைகள் மின்தொடருடன் ஒத்ததிர்வதே காரணம் என்று கண்டார்கள். ஒரு பொருளின் இயல்பான அதிர்வெண்ணும் அதைத் தள்ளும் விசையின் அதிர்வெண்ணும் ஒன்றாகும்போது சிறு தள்ளலுக்கே பெரிய அசைவு பிறப்பதுதான் ஒத்ததிர்வு. ஊஞ்சலை உரிய நேரத்தில் தள்ளுவதுபோல. நூற்பாலைக் கதையிலும் இதே சொல் திரும்ப வரும்.

நீலகிரியின் பைக்காரா புனல்மின்நிலையத்திலிருந்து 1930களில் வந்த மின்சாரம் கோவையில் நூற்பாலைகள் பெருகத் துணைபுரிந்தது என்பது அப்பகுதியின் பொருளாதார வரலாற்றில் நன்கு அறியப்பட்ட செய்தி. அதற்குப் பின் பல பத்தாண்டுகள் அந்த ஆலைகளின் சுமை என்பது பெரும்பாலும் தூண்டல் மோட்டார்களே. தூண்டல் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குச் சற்றுப் பின்தங்கி வரும். ஆனால் அதன் வடிவம் ஏறக்குறைய சைன் அலைதான். பிறகு வந்தது மாறுவேக டிரைவ். ஆலையின் ஈரப்பதக் கட்டுப்பாட்டு நிலையத்து விசிறிகள், ரிங் ஃபிரேம் எந்திரங்கள், உறிஞ்சு விசிறிகள் ஆகியவற்றின் வேகத்தைத் தேவைக்கேற்பக் குறைக்க அது உதவுகிறது. விசிறியின் திறன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப மாறுவதால், வேகத்தை 20 சதவீதம் குறைத்தாலே அது உண்ணும் திறன் ஏறத்தாழ பாதியாகிவிடும். மின்கட்டணமே நூலின் விலையில் கணிசமான பங்கை வகிக்கும் தொழிலில் இந்தச் சேமிப்பை வேண்டாம் என்று சொல்ல எவராலும் இயலாது. ஆகவே டிரைவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் பேச்சுக்கு இங்கே இடமில்லை.

டிரைவ் செய்வது இதுதான்: வந்துசேரும் மூன்று ஃபேஸ் மாறுதிசை மின்சாரத்தை ஆறு டயோடுகள் கொண்ட திருத்தியின் வழியே முதலில் நேர்திசையாக்கி, பின்னர் வேண்டிய அதிர்வெண்ணில் மறுபடி மாறுதிசையாக்கி மோட்டாருக்குத் தருகிறது. டயோடு தனக்கு வாய்த்த நேரத்தில் மட்டும் கடத்தும். எஞ்சிய நேரம் மூடிக்கொள்ளும். எனவே மின்வழங்கலிலிருந்து இழுக்கப்படும் மின்னோட்டம் வழவழப்பான அலையாக இல்லாமல் துண்டு துண்டாக அமைகிறது. ஆறு துடிப்புத் திருத்தி எனப்படும் இந்த அமைப்பில், ஆறின் மடங்குகளுக்கு ஒன்று குறைவாகவும் ஒன்று கூடுதலாகவும் உள்ள சீரிசைகள், அதாவது 5, 7, 11, 13 என்னும் வரிசையில், தோன்றுகின்றன. கோட்பாட்டு நிலையில் ஒவ்வொன்றின் அளவும் அதன் வரிசை எண்ணின் தலைகீழ்: ஐந்தாவது 20 சதவீதம், ஏழாவது 14 சதவீதத்துக்குச் சற்று மேல், பதினொன்றாவது 9 சதவீதம். மொத்த உருக்குலைவு ஏறத்தாழ 31 சதவீதம். இது நல்லவிதமான கணக்கு. நேர்திசைப் பக்கம் பெரிய மின்தேக்கியை வைத்து, உள்ளீட்டில் சோக் எனப்படும் மின்தூண்டி இல்லாமல் விடப்பட்ட டிரைவில் ஐந்தாம் சீரிசை இதைவிட வெகுவாகக் கூடும்.

20 சதவீதம் என்பது சிறிதாகத் தோன்றலாம். மின்மாற்றியின் சுருள்களில் எழும் சுழல் மின்னோட்ட இழப்பு, சீரிசை மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் அதன் வரிசை எண்ணின் வர்க்கத்தையும் பெருக்கிய விகிதத்தில் வளர்கிறது. 0.2இன் வர்க்கம் 0.04, ஐந்தின் வர்க்கம் 25, பெருக்கினால் 1. அதாவது 20 சதவீத ஐந்தாம் சீரிசை, முழு அடிப்படை அலையும் உண்டாக்கும் அளவுக்கு நிகரான சுழல் இழப்பைத் தனியாகவே உண்டாக்குகிறது. ஐந்தாம் சீரிசைக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. மூன்று ஃபேஸ் மோட்டாரில் அது தோற்றுவிக்கும் காந்தப்புலம் எதிர்த்திசையில் சுழல்வதால், இழுவைக்குத் துணைநிற்காமல் மோட்டாரைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே சுழலியைச் சூடாக்குகிறது.

மின்னோட்டத்தின் இந்தக் கோணல் மின்னழுத்தத்துக்கு எப்படித் தாவுகிறது என்பதே அடுத்த கேள்வி. 5 சதவீத மின்மறுப்பு கொண்ட 1000 கேவிஏ மின்மாற்றி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மின்மறுப்பு என்பது முழுச் சுமையில் மின்மாற்றி தனக்குள்ளேயே விழுங்கிக்கொள்ளும் மின்னழுத்தத்தின் பங்கு. மின்தூண்டல் தன்மையுடைய இந்த மறுப்பு அதிர்வெண்ணுடன் சேர்ந்து உயர்வதால், 250 ஹெர்ட்ஸில் அது ஐந்து மடங்காகி 25 சதவீதமாகிறது. மின்மாற்றியின் கொள்ளளவில் 60 சதவீதம் டிரைவ்களாக இருந்தால், அதில் ஐந்தில் ஒரு பங்கான 12 சதவீதம் ஐந்தாம் சீரிசை மின்னோட்டம். 12 சதவீத மின்னோட்டம் 25 சதவீத மறுப்பின் வழியே பாயும்போது மின்னழுத்தத்தில் 3 சதவீத ஐந்தாம் சீரிசை பிறக்கிறது. அந்த மின்மாற்றியில் தொங்கும் எல்லாக் கருவிகளும், டிரைவே இல்லாத பழைய மோட்டாரும்கூட, இந்த 3 சதவீதத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஊர்க் கிணற்றில் ஒருவர் கலக்கினால் எல்லார் குடத்திலும் கலங்கல் வருவது போன்றதுதான் இது. ஆயினும் 3 சதவீதம் தாங்கக்கூடிய அளவே.

மின்தேக்கி உள்ளே நுழைவது இந்த இடத்தில்தான். தமிழ்நாட்டில் உயரழுத்த நுகர்வோரின் திறன் காரணி 0.90க்குக் கீழும், 18.6 கிலோவாட்டும் அதற்கு மேலும் இணைப்புச் சுமையுள்ள தாழ்வழுத்தத் தொழிற்சாலைகளின் திறன் காரணி 0.85க்குக் கீழும் இறங்கினால் இழப்பீட்டுக் கட்டணம் விதிக்கப்படுகிறது. திறன் காரணி என்பது இழுத்த மின்சாரத்தில் உண்மையாக வேலைக்குப் பயன்பட்ட பங்கு. தூண்டல் மோட்டார்கள் பின்தங்கிய மின்னோட்டத்தை இழுத்து அதைத் தாழ்த்துகின்றன. மின்தேக்கி முந்திச் செல்லும் மின்னோட்டத்தை இழுத்து ஈடுகட்டுகிறது. மோட்டார்கள் மட்டுமே இருந்த காலத்துக்கு இது குறையற்ற விதி. ஆகவே ஒவ்வோர் ஆலையிலும் மின்தேக்கிப் பேனல் ஒன்று உண்டு. சுமைக்கேற்ப மின்தேக்கிகளைப் படிப்படியாகச் சேர்க்கவும் விலக்கவும் ஒரு தானியங்கி ரிலே அதில் இருக்கும்.

மின்மாற்றியின் தூண்டலும் பேனலின் மின்தேக்கமும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும்போது அவற்றுக்கென ஓர் இயல்பதிர்வெண் உண்டாகிறது. அது எத்தனையாம் சீரிசையில் அமையும் என்பதை அறிய, அந்த இடத்தின் குறுக்குச்சுற்றுத் திறனை மின்தேக்கிகளின் மொத்த அளவால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் போதும். மேலே சொன்ன மின்மாற்றியின் குறுக்குச்சுற்றுத் திறன், அதற்கு அப்பாலுள்ள தொடரைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 1000 கேவிஏவை 0.05ஆல் வகுத்த 20,000 கேவிஏ. ரிலே 200 கேவிஏஆர் மின்தேக்கியைச் சேர்த்திருக்கும்போது இயல்பதிர்வு பத்தாம் சீரிசையில் நிற்கிறது; திருத்திகள் பத்தாம் சீரிசையை உண்டாக்குவதில்லை என்பதால் ஆபத்தில்லை. 400 ஆகும்போது விடை 7.07, ஏழாம் சீரிசை பக்கத்திலேயே இருக்கிறது. 600க்கு 5.8. 800 கேவிஏஆர் சேர்ந்தவுடன் வகுத்து வருவது 25, அதன் வர்க்கமூலம் மிகச் சரியாக 5. அதாவது சுமை ஏற ஏற, ரிலே தன் கடமையைச் செய்யச் செய்ய, ஒத்ததிர்வுப் புள்ளி படியிறங்கி வந்து, ஆலையில் மிகுந்திருக்கும் அதே சீரிசையின் மேல் அமர்கிறது. காலையில் ஒன்றும் நேராத பேனலில் இரண்டாம் ஷிஃப்டில் ஃபியூஸ் போவதற்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை.

அங்கே நேர்வது என்ன? 3 சதவீதமாக இருந்த ஐந்தாம் சீரிசை மின்னழுத்தம் ஒத்ததிர்வால் ஐந்து மடங்கு பெருகியதாகக் கொண்டால் 15 சதவீதமாகிறது. மின்தேக்கியின் மறுப்போ அதிர்வெண் உயர உயரக் குறைவது; 250 ஹெர்ட்ஸில் அது ஐந்தில் ஒன்று. எனவே 15 சதவீத மின்னழுத்தம் மின்தேக்கியின் வழியே 75 சதவீத சீரிசை மின்னோட்டத்தைச் செலுத்தும். அடிப்படை மின்னோட்டத்துடன் சேர்த்தால் மொத்தம் 1.25 மடங்கு. மின்தேக்கிகள் தம் நிர்ணய அளவைப்போல் 1.3 மடங்கு மின்னோட்டத்தைத் தாங்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. ஏழாம் சீரிசையின் பங்கும், இரவில் சற்று உயரும் மின்னழுத்தமும் சேர்ந்துகொண்டால் அந்த எல்லை கடந்துபோகும். மின்தேக்கியின் டப்பா உப்புகிறது, மின்தேக்கம் மெல்லக் குறைகிறது, திறன் காரணி சரிகிறது. பராமரிப்பவர் மட்டமான சரக்கு என்று முடிவுசெய்து புதியதை, சில வேளைகளில் கூடுதல் அளவில், மாட்டுகிறார். ஒத்ததிர்வு இன்னொரு சீரிசையின் பக்கம் நகர்கிறது. மின்தேக்கி நோயாளியன்று, நோய்க்கு இடம்கொடுத்த உறுப்பு என்பதை அறியாமல் நடக்கும் இந்த மாற்றுச் சிகிச்சையில் வீணாகும் பணத்தை எந்தக் கட்டண ஆணையும் கணக்கில் எடுப்பதில்லை.

திறன் காரணி என்னும் சொல்லே இங்கே இரு பொருள் கொண்டு நிற்கிறது. மின்னோட்டம் பின்தங்குவதால் மட்டுமன்றி உருக்குலைவதாலும் அது குறையும் என்பதை மின்பொறியாளர் ஸ்டைன்மெட்ஸ் 1892இலேயே வில்விளக்குகளில் சுட்டிக்காட்டினார். பின்தங்கலே இல்லாத மின்னோட்டத்தில் 31 சதவீத உருக்குலைவு இருந்தால் உண்மையான திறன் காரணி 0.955தான், உருக்குலைவு 48 சதவீதத்தை எட்டினால் அது 0.90, அதாவது அபராத வாசல். இந்தக் குறையை எத்தனை மின்தேக்கி சேர்த்தாலும் சரிசெய்ய இயலாது. உருக்குலைந்த அலையில் வேலைக்கு உதவாத திறனை எப்படி வரையறுப்பது என்பதில் ருமேனியாவின் புதெயானு 1927இல் ஒரு வழியும், போலந்தின் ஃபிரைட்ஸே 1932இல் வேறொரு வழியும் சொன்னார்கள். அந்த விவாதம் இன்றும் முற்றாக ஓயவில்லை. ஆகையால் ஒரே சுமையை இரு வேறு முறையில் கணக்கிடும் இரு மீட்டர்கள் இரு வேறு திறன் காரணிகளைக் காட்டக்கூடும். இரண்டுமே பழுதற்றவையாக இருந்தும்.

இந்திய விதிமுறைகள் இந்தச் சிக்கலை இரு முனைகளிலிருந்து அணுகுகின்றன. மத்திய மின்சார ஆணையத்தின் 2007ஆம் ஆண்டு இணைப்புத் தரவிதிகள், இணைப்புப் புள்ளியில் மின்னழுத்த உருக்குலைவு 5 சதவீதத்தையும், தனியொரு சீரிசை 3 சதவீதத்தையும், மின்னோட்ட உருக்குலைவு 8 சதவீதத்தையும் தாண்டலாகாது என்றன. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இவற்றை ஐஇஇஇ 519 என்னும் தரத்தோடு இணைத்தது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணைகளோ, வரம்பை மீறும் உயரழுத்த நுகர்வோருக்கு உரிய கட்டணத்தில் 15 சதவீதத்தை இழப்பீடாக வகுத்தன. இந்த வரம்புகளின் நுணுக்கம் எண்களில் இல்லை, வகுத்தியில் இருக்கிறது. 2007ஆம் ஆண்டு விதிகளின் பழைய முறையில் சீரிசை மின்னோட்டம் அந்த நேரத்து அடிப்படை மின்னோட்டத்தால் வகுக்கப்படும். ஞாயிற்றுக்கிழமை எந்திரங்கள் நின்று சில டிரைவ்களும் விளக்குகளும் மட்டும் ஓடும்போது சதவீதம் 30, 40 என்று காட்டும், ஆனால் தொடருக்குள் புகும் ஆம்பியர் மிகச் சொற்பம். ஐஇஇஇ தரம் அதை உச்சத் தேவை மின்னோட்டத்தால் வகுக்கிறது. மேலும் குறுக்குச்சுற்றுத் திறன் மிக்க வலுவான இடத்தில் 20 சதவீதம் வரையும், வலுவற்ற இடத்தில் 5 சதவீதம் மட்டுமே என்றும் வரம்பை ஏற்றி இறக்குகிறது. இதுவே நியாயமான கணக்கு. ஒரு நாள் ஒரு மணி நேரம் அளந்துவிட்டு அபராதம் எழுதும் வழக்கத்துக்கும், வாரம் முழுக்கப் பத்து நிமிடச் சராசரிகளாகப் பதிந்து அவற்றில் 95 சதவீதம் வரம்புக்குள் நிற்கிறதா என்று பார்க்கும் முறைக்கும் உள்ள வேறுபாடும் அத்தகையதே.

பொறுப்பை யார் தலையில் வைப்பது என்பது அதைவிடக் கடினமான கேள்வி. ஐந்தாம் சீரிசைக்கு இசைவிக்கப்பட்ட வடிப்பானை ஓர் ஆலை தன் செலவில் நிறுவினால், அந்த அதிர்வெண்ணுக்கு அது மிக எளிய பாதையாகிவிடுகிறது. அக்கம்பக்கத்து ஆலைகளின் ஐந்தாம் சீரிசையும் தொடரின் வழியே அதைத் தேடி வரும். மீட்டரில் பார்த்தால் அந்த ஆலையே பெருமளவு ஐந்தாம் சீரிசை மின்னோட்டம் கொண்டதாகத் தெரியும். தெருவைச் சேர்த்துக் கூட்டியவர் வீட்டு வாசலில் குப்பை குவிந்திருப்பதால் அவரையே குற்றம் சொல்வது போன்ற நிலை இது.

வழிகள் இல்லாமல் இல்லை. மின்மாற்றியின் இரு சுருள்களை நட்சத்திர, முக்கோண இணைப்பில் 30 பாகை விலக்கி இரு திருத்திகளுக்கு ஊட்டினால் ஐந்தும் ஏழும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, 11உம் 13உம் மட்டும் எஞ்சும். ராய்கரிலிருந்து 800 கிலோவோல்ட் நேர்திசைத் தொடரில் 6000 மெகாவாட் வரை பெறும் புகளூர் நிலையம் போன்றவற்றில் இந்தப் பன்னிரு துடிப்பு முறையும், எஞ்சியதை உறிஞ்சும் வடிப்பான்களும் கட்டாயம். அகாகி, கனசாவா, நபாயே ஆகிய ஜப்பானியர் மூவர் 1983இல் வகுத்த கணநேரத் திறன் கோட்பாட்டிலிருந்து வளர்ந்த செயல்நிலை வடிப்பான், சீரிசையை அளந்து அதற்கு நேரெதிரான மின்னோட்டத்தைச் செலுத்தி அழிக்கிறது. சிறந்தது, விலையும் அதற்கேற்றது. ஆலைகள் பெரும்பாலும் நாடுவது இவற்றைவிட மலிவான தடுப்பு: ஒவ்வொரு மின்தேக்கிக்கும் தொடரில் 7 சதவீத சோக். அந்த இணையின் இசைவு 189 ஹெர்ட்ஸில் அமைவதால், 250 ஹெர்ட்ஸில் அது மின்தேக்கியாக நடந்துகொள்ளாமல் மின்தூண்டியாகிவிடுகிறது. ஐந்தாம் சீரிசையுடன் ஒத்ததிரும் வழி அடைபடுகிறது.

ஆனால் ஒத்ததிர்வு அழிவதில்லை, 189க்குக் கீழே இடம்பெயர்கிறது. அதே 1000 கேவிஏ மின்மாற்றியில் 7 சதவீத சோக்குடன் 800 கேவிஏஆர் பேனல் முழுவதும் சேர்ந்திருக்கும்போது கணக்கிட்டால் அது ஏறத்தாழ மூன்றாம் சீரிசையில், 150 ஹெர்ட்ஸ் அருகில், வந்து நிற்கிறது. திருத்தி டிரைவ்கள் மட்டும் உள்ள ஆலையில் மூன்றாம் சீரிசை அரிது. எல்இடி விளக்குகள், கணினிகள், யுபிஎஸ் போன்ற ஒற்றை ஃபேஸ் மின்னணுச் சுமைகளே அதை மிகுதியாகத் தருபவை. மூன்று ஃபேஸ்களிலும் அது சமமாக இருந்தால், நியூட்ரல் கம்பியில் மும்மடங்காகக் கூடி அதைச் சூடாக்குமே தவிர, முக்கோண இணைப்பிலுள்ள மின்தேக்கிகளைத் தொடாது. ஒற்றை ஃபேஸ் சுமைகள் சமமின்றிப் பகிரப்பட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். விடுதி, அலுவலகம், விளக்குகள் எல்லாம் ஒரே மின்மாற்றியில் தொங்கும் ஆலைகளில் 14 சதவீத சோக் பரிந்துரைக்கப்படுவது இதனால்தான்: அதன் இசைவு 134 ஹெர்ட்ஸ், பேனல் முழுமையும் சேர்ந்த நிலையில் ஒத்ததிர்வு 118 ஹெர்ட்ஸ், இரண்டுமே மூன்றாம் சீரிசைக்குக் கீழே. ஆனால் அந்த சோக் மின்தேக்கியின் முனைகளில் மின்னழுத்தத்தை 16 சதவீதம் உயர்த்துகிறது. 440 வோல்ட் தொடரில் அது 512 வோல்ட். பேனலில் ஏற்கெனவே இருக்கும் 440 வோல்ட் மின்தேக்கிகளை அப்படியே வைத்துக்கொண்டு சோக்கை மட்டும் வாங்கி மாட்டினால், சீரிசைக்குத் தப்பியவை அடிப்படை அலைக்கே பலியாகும். 525 வோல்ட் மின்தேக்கிகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.